முகத்தில் வெட்டு விழுந்த ரோமானிய பொற்காசு – உருக்கக் கொடுக்காதீர்கள்

தாத்தா பெட்டியில் கிடைத்த காசின் முகத்தில் வெட்டு இருப்பதால் அதற்குத் தங்க விலைதான் என்று நகைக்கடையில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம்.

நீங்கள் சொன்ன 7.7 கிராம் எடை, இலைமாலை சூடிய தலை, பின்புறம் நாற்காலியில் அமர்ந்த பெண், எல்லாமே ரோமப் பேரரசர் திபேரியஸ் (கி.பி. 14–37) காலத்து ஆரியஸ் என்ற பொற்காசுக்குப் பொருந்துகின்றன. அந்தப் பெண் ஒரு கையில் நீண்ட செங்கோலும் மறு கையில் கிளையும் வைத்திருக்கிறாளா பாருங்கள். அமைதித் தெய்வம் என்பார்கள்; பேரரசரின் தாய் லிவியாவையே அப்படிக் காட்டினார்கள் என்றும் சொல்வதுண்டு. முன்புறத் தலையைச் சுற்றி, திபேரியஸ் தெய்வமான முந்தைய பேரரசர் அகஸ்டஸின் மகன் என்று லத்தீனில் பொறித்திருக்கும். ஆட்சி உரிமையைக் கைக்குக் கை கொண்டுபோன விளம்பரம் அது.

சரி, வெட்டுக்கு வருவோம். 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த சுமார் 500 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே இதே மாதிரி உளி வெட்டு உண்டு. காசாகப் புழங்காமல் வெறும் பொன்னாகவே இருக்கட்டும் என்று அந்தக் காலத்திலேயே வெட்டியிருக்கலாம் என்பது பலரின் கருத்து, எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அதனால் உங்கள் காசின் வெட்டு ஒரு குறையே இல்லை, வரலாறு.

ஆனால் போலிகளும் நிறைய. விளிம்பில் வார்ப்புக் கோடு (உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த போலியில் விழும் கோடு) தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அப்புறம், அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் நேரில் காட்டுங்கள்.