முகவாய் ஒரு பக்கம் ஒதுங்குகிறது: க்ளிப் போட்டால் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு 18 வயது. இரண்டு வருடமாக அவள் முகவாய் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் ஒதுங்குகிறது. எக்ஸ்ரே பார்த்த பல் டாக்டர், வலது தாடை மூட்டு பெரிதாக இருக்கிறது என்கிறார். பல்லுக்கு க்ளிப் போட்டால் சரியாகுமா? ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

பதில்: க்ளிப்புக்கு அவசரப்பட வேண்டாம். அந்த மூட்டு இன்னும் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று முதலில் தெரிய வேண்டும்.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் உள்ளே ஒன்று அசைவது தெரியும். அதுதான் கீழ்த்தாடையின் மேல்முனை, காண்டைல் என்போம். அகலம் சுமார் 15 முதல் 20 மில்லிமீட்டர். அதன் மேல் இருக்கும் குருத்தெலும்பு வளர்ந்து எலும்பாக மாறுவதால் தாடை நீளுகிறது. பதின்வயது முடிவதற்குள் அநேகமாக இந்த வளர்ச்சி அடங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் அடங்காமல் வளர்ந்தால் முகவாய் மறுபக்கம் தள்ளப்படும். காண்டைலர் ஹைப்பர்பிளேசியா எனும் இது பெண்களிடம்தான் அதிகம்.

ஒப்வெகெசர், மேக்கெக் என்ற இரு நிபுணர்கள் 1986-இல் இதை வகை பிரித்தார்கள். ஒரு வகையில் தாடை நீளவாக்கில் வளர்ந்து முகவாய் ஒதுங்கும். காண்டைலின் தலை பெரிதாகாமல் கழுத்து மட்டும் நீண்டிருக்கலாம். இன்னொன்றில் தலையே பருத்து, அந்தப் பக்க முகம் கீழே இறங்கும், உதடு சாயும். இரண்டும் கலந்தும் வரும். ஆகவே மூட்டின் பருமனை மட்டும் வைத்து முகக்கோணலின் அளவைச் சொல்லிவிட முடியாது.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். வலது பெரிதா, இல்லை இடது சிறிதா? சின்ன வயதில் முகவாய் அடிபட விழுந்தாலோ, மூட்டுவாதம் வந்தாலோ இடது பக்க வளர்ச்சி குன்றியிருக்கலாம். அப்போதும் முகவாய் இடதுபக்கம்தான் போகும், நன்றாக இருக்கும் வலது மூட்டு பெரிதாகத் தெரியும். வாய் முழுதாகத் திறக்கிறதா, சிறுவயதில் அடிபட்டதா என்று டாக்டரிடம் சொல்லுங்கள். இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் சாதாரண ஓபிஜி எக்ஸ்ரேயில் தலை சற்றுத் திரும்பியிருந்தாலே இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் விழும். அதனால் எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் அளந்து பார்ப்பது நல்லது.

வளர்ச்சி நடக்கிறதா என்று காட்டுவது டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தைச் சிறிதளவு ஊசியாகப் போட்டு எடுக்கும் ஸ்பெக்ட் எலும்பு ஸ்கேன்; எலும்பு வளரும் இடம் அந்த மருந்தை அதிகம் இழுக்கும். இரு மூட்டுகளும் சேர்ந்து இழுக்கும் மருந்தில் ஒரு பக்கம் 55 சதவீதம், மறுபக்கம் 45 சதவீதம் என்ற அளவிலோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் வளர்ச்சி தொடர்கிறது என்று சந்தேகிப்போம். ஆனால் மூட்டில் அழற்சி இருந்தாலும் ஸ்கேன் இப்படிக் காட்டும். அதனால் பழைய போட்டோக்களையும், ஆறு மாத இடைவெளியில் எடுத்த பல் அச்சுகளையும் ஒப்பிட்ட பிறகுதான் முடிவெடுப்போம்.

வளர்ச்சி தொடர்ந்தால், காண்டைலின் மேல்முனையில் சில மில்லிமீட்டரை அறுவை செய்து எடுத்து அதை நிறுத்துவதுதான் வழக்கம். மிச்சமிருக்கும் கோணலுக்கு அப்புறம் க்ளிப், தேவைப்பட்டால் தாடை அறுவை சிகிச்சை. வளர்ச்சி நின்றிருந்தால் மூட்டைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. க்ளிப் போட்டுப் பற்களை ஒழுங்குபடுத்திவிட்டு தாடையைத் திருத்தலாம். இந்த வயதில் க்ளிப் பல்லை நகர்த்துமே தவிர எலும்பை நேராக்காது. வளரும்போதே போட்டால் முடித்த வேலை மறுபடி கோணிப்போகும்.

ஒருக்களித்துப் படுத்ததாலோ ஒரே பக்கம் மென்றதாலோ வந்தது என்று உறவினர்கள் சொன்னால் காதில் வாங்க வேண்டாம், உங்கள் மகளையும் வாங்கவிடாதீர்கள். முக அறுவை சிகிச்சை நிபுணரும் பல்சீரமைப்பு நிபுணரும் சேர்ந்து பார்க்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். போகும்போது 14, 15 வயதில் நேராகப் பார்த்து எடுத்த போட்டோக்களைத் தேடி எடுத்துச் செல்லுங்கள்.