வளர்ப்புப் பிராணிகள் கேள்வி - பதில்: “எவ்வளவு ஆகும்?” என்பதற்கு முன்னால்

எங்கள் பூனைக்கு 13 வயது. நான்கு நாளாகச் சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 6.4. அட்மிட் செய்து ட்ரிப்ஸ் ஏற்றிப் பார்க்கலாம், செலவு அதிகம், பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். இந்த வயதில் இவ்வளவு செலவு தேவையா என்று வீட்டில் வாக்குவாதம்.

6.4 என்ற ஒற்றை எண்ணை வைத்து இன்றைக்கு முடிவெடுக்காதீர்கள். பூனைகளின் நாள்பட்ட சிறுநீரக நோயைக் கிரியாட்டினின் அளவைக் கொண்டு நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். டெசிலிட்டருக்கு 1.6 மில்லிகிராமுக்குக் கீழே முதல் நிலை, 2.8 வரை இரண்டாவது, 5 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. இந்தக் கணக்கு உடலில் நீர்ச்சத்து சரியாக இருக்கும் பூனைக்குத்தான் பொருந்தும். நான்கு நாள் பட்டினியும் வாந்தியுமாக உடல் வறண்டு கிடக்கும் பூனைக்கு எண் ஏறித்தான் தெரியும். ட்ரிப்ஸ் ஏற்றியபின் அதே பூனைக்கு அது 3-க்கு இறங்கலாம், 6-லேயே நிற்கவும் செய்யலாம். எண் இறங்கும் பூனை நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கணக்கில்கூட இருக்கும். இறங்காத பூனைக்கு மிச்சம் மாதங்கள், சிலவற்றுக்கு வாரங்கள்தான். இரண்டில் உங்கள் பூனை எது என்பது இன்று யாருக்கும் தெரியாது.

அதனால் “எல்லாம் செய்வோம்”, “ஒன்றும் வேண்டாம்” என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: கெடு வைத்துச் சிகிச்சை. 48 முதல் 72 மணி நேரம் ட்ரிப்ஸ், வாந்தியை நிறுத்தும் மருந்து, பிறகு மறுபடி ரத்தப் பரிசோதனை. அந்த மூன்று நாளுக்கு மட்டும் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். எண் இறங்கவில்லை, பூனை எழுந்து உட்காரவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்வோம் என்பதை அட்மிட் செய்யும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இப்படி முன்கூட்டிப் பேசாத வீடுகளில்தான் “இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்” என்று பத்து நாள் பில் சேர்கிறது, பூனையும் கூண்டுக்குள் அவதிப்படுகிறது.

அந்த மூன்று நாளில் பெரிய செலவில்லாமல் நிறைய சொல்லக்கூடிய சோதனைகள் உண்டு: சிறுநீரின் அடர்த்தி, பொட்டாசியம், ரத்த அழுத்தம். சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தால் அது குணப்படுத்தக்கூடியது. வயிற்று ஸ்கேன் ஒன்றுக்கும் பணம் ஒதுக்கப் பாருங்கள். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில் கல் அடைத்திருந்தால் ட்ரிப்ஸ் மட்டும் போதாது. மருந்தில் வழி விடாவிட்டால் அடுத்தது பெரிய ஆபரேஷன். அது உங்களால் முடியாது என்றால், முடியாத ஒன்றுக்காகப் பூனையைக் காக்கவைக்க வேண்டியதில்லை. இன்னொன்று, பூனை பல நாள் பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து அதுவே தனி நோயாகிவிடும். சாப்பிடாத பூனைக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்க முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள்.

தேறி வந்தால் வீட்டில் தொடரும் செலவு என்ன என்பதும் இப்போதே தெரிய வேண்டும். சிறுநீரக உணவு, சிலவற்றுக்கு ரத்த அழுத்த மாத்திரை, சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, பல பூனைகளுக்குத் தோலுக்கடியில் ஏற்றும் சலைன். சலைனை வீட்டிலேயே ஏற்றக் கற்றுக்கொள்ளலாம். தோள்களுக்கு நடுவே தளர்ந்த தோலைத் தூக்கி ஊசியைச் செருகி, ஒரு தடவைக்கு வழக்கமாக 100 முதல் 150 மில்லி. உங்கள் பூனைக்கான அளவையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் டாக்டர்தான் குறிக்க வேண்டும். இதய நோய் உள்ள பூனைக்கு இது மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும். சிறுநீரக உணவைக் குமட்டல் முழுதாக அடங்கியபின் ஆரம்பியுங்கள். குமட்டும்போது வைத்த உணவைப் பூனை பிறகு ஜென்மத்துக்கும் தொடாது.

பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) வந்த மூன்று மாதக் குட்டி நாய். அட்மிட் செய்யப் பணம் இல்லை. வீட்டில் வைத்துப் பார்ப்பது பாவமா?

பாவமில்லை. சிகிச்சையே இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதுதான் ஆபத்து, பெரும்பாலான குட்டிகள் அப்படி இறந்துவிடும். பணம் குறைவாக உள்ளவர்களுக்கென்றே அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு முறையை வகுத்துச் சோதித்தார்கள். மருத்துவமனையில் தங்கவைத்த குட்டிகளில் 90 சதவீதம் பிழைத்தன, புற நோயாளிகளாகப் பார்த்தவற்றில் 80 சதவீதம். ஆனால் அந்த 80 சும்மா வந்ததில்லை.

முதலில், அதிர்ச்சி நிலையில் இருக்கும் குட்டிக்கு ஒரு முறையாவது நரம்பு வழியாக ட்ரிப்ஸ் ஏற்றியாக வேண்டும். ரத்த ஓட்டம் சுருங்கிய உடலில் தோலுக்கடியில் ஏற்றும் திரவம் உள்ளே இழுக்கப்படாமல் அப்படியே தேங்கி நிற்கும். இந்த முதல் ட்ரிப்ஸைத் தவிர்த்ததால் கைவிட்டுப்போகும் குட்டிகள் பல. அதற்குப் பிறகு தோலுக்கடியில் சலைன், அந்த முறையில் ஒரு நாளைக்குக் கிலோவுக்குச் சுமார் 120 மில்லி, மூன்று தவணையாக. 4 கிலோக் குட்டிக்குத் தவணைக்கு 160 மில்லி. கூடவே பல நாள் வேலைசெய்யும் ஆன்டிபயாட்டிக் ஊசி ஒன்று, தினம் ஒரு வாந்தித் தடுப்பு ஊசி. சலைனில் குளுக்கோஸ் கலந்து தோலுக்கடியில் ஏற்றாதீர்கள், அந்த இடம் புண்ணாகிச் சீழ்ப் பிடிக்கும். சர்க்கரை குறைந்து குட்டி துவண்டால் கெட்டியான குளுக்கோஸ் கரைசலை ஈறில் தடவுங்கள். உணவு வேண்டாம் என்று பட்டினி போடும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக மென்மையான உணவு போனால் குடல் சீக்கிரம் ஆறும்.

இதற்கு இரவிலும் விழித்திருக்க ஆள் வேண்டும். தினமும் எடை பாருங்கள், வெப்பம் பாருங்கள். 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் சரியானது. உடல் சில்லென்று ஆவது, ஈறு வெளுப்பது, கூப்பிட்டால் தலை தூக்காமல் கிடப்பது, வயிற்றைத் தொட்டால் கதறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டுச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருள். வயிற்று வலிக்குக் குடல் குடலுக்குள் செருகிக்கொண்டதும் காரணமாக இருக்கலாம், அது ஆபரேஷன் வேலை. கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு நாள் அட்மிஷனுக்குத்தான் போதும் என்றால் அந்த நாளை முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளுக்காகச் சேர்த்து வைக்காதீர்கள்.

எட்டு வயது நாய், லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று உறுதியாகிவிட்டது. கீமோ வேண்டாம், ஸ்டீராய்டு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். பிறகு மனம் மாறினால் கீமோ ஆரம்பிக்கலாம்தானே?

இந்தக் கேள்வியின் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில்: ஆரம்பிக்கலாம், ஆனால் பலன் குறைந்திருக்கும். ஸ்டீராய்டு மாத்திரையைத் தனியாகக் கொடுக்கும்போது புற்றுச் செல்கள் மற்ற மருந்துகளையும் எதிர்க்கப் பழகிக்கொள்கின்றன. ஆகவே மாத்திரையை வாயில் போடும் முன் கீமோவா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு யோசிப்பதில் தவறில்லை, நாய்க்கு மூச்சுத் திணறலோ சாப்பாட்டில் சுணக்கமோ இல்லாதவரை.

எதை வாங்குகிறீர்கள் என்று சொல்கிறேன். நான்கு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் முழு கீமோ நான்கு முதல் ஆறு மாதம் நடக்கும். பத்தில் எட்டு ஒன்பது நாய்களுக்குக் கட்டிகள் வடிந்துவிடும், பாதி நாய்கள் ஏறக்குறைய ஓராண்டைத் தாண்டும். பி செல் என்ற வெள்ளணுவில் தோன்றிய வகைக்கு இந்தக் கணக்கு, டி செல் என்ற வெள்ளணுவில் தோன்றிய வகைக்குக் குறைவு. ஆகையால் வகை கண்டுபிடிக்கும் சோதனைக்குச் செலவிடுவது வீணில்லை. ஸ்டீராய்டு மட்டும் என்றால் ஒன்று முதல் இரண்டு மாதம். நடுவில் ஒரு வழியும் உண்டு, பலர் கேட்காததால் அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை: டாக்ஸோரூபிசின் என்ற ஒரே மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஐந்து தடவை. வருகையும் செலவும் நன்றாகக் குறையும், கிடைக்கும் காலம் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு மாதம். இந்த மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை அழுகிவிடும், சில நாய்களின் இதயத்தையும் பாதிக்கும். இதைப் போட்டுப் பழகியவரிடமே போங்கள், முதல் ஊசிக்கு முன் இதய ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

மனிதர்கள் படும் பாட்டை நாய்க்கும் கற்பனை செய்துகொண்டு கீமோவை ஒதுக்க வேண்டாம். குணப்படுத்துவது அல்ல, நன்றாக இருக்கும் நாட்களைக் கூட்டுவதே நாய்களின் கீமோவுக்கு இலக்கு, அதற்கேற்ப அளவும் குறைவு. பெரும்பாலான நாய்களுக்கு ஓரிரு நாள் மந்தம், லேசான வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளணுக்கள் மிகக் குறையும். அப்போது காய்ச்சல் 39.5-ஐத் தாண்டினால் இரவானாலும் கிளம்புங்கள். அந்த அவசரச் செலவுக்கும் ஒரு தொகை தனியாக இருக்க வேண்டும், எஸ்டிமேட்டில் அது இருக்காது. ஓராண்டுக் கணக்கைப் பார்த்தபின் ஸ்டீராய்டு மட்டுமே உங்களால் முடியும் என்றால் அதுவும் ஒரு சிகிச்சைதான். நாய் அந்த வாரங்களில் பசியோடும் வலியில்லாமலும் இருக்கும். குற்ற உணர்வு வேண்டாம்.

கடுவன் பூனைக்கு மூன்றாவது முறையாகச் சிறுநீர் அடைப்பு. ஒவ்வொரு முறையும் கதீட்டர் (சிறுநீர் வடியப் போடும் குழாய்), அட்மிஷன், பில். எத்தனை முறை இப்படி?

இந்த முறை அடைப்பை எடுத்தே ஆக வேண்டும், அதில் யோசிக்க நேரமில்லை. முழு அடைப்பு ஒன்று இரண்டு நாளில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்திவிடும், அது வேதனையான சாவு. ஒருவேளை எடுப்பதற்குக்கூட வழியில்லை என்றால் அன்றே கருணைக்கொலை கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மூன்று முறை ஆனபின் கதீட்டர் செலவுகளைக் கூட்டிப் பார்த்தால் சிறுநீர்த் துவாரத்தை அகலமாக்கும் ஆபரேஷனை அது நெருங்கியிருக்கும், அல்லது தாண்டியிருக்கும். அதற்கு முன் ஒரு எக்ஸ்ரே. பையில் கல் இருந்தால் அதையும் எடுக்காமல் துவாரத்தை மட்டும் அகலப்படுத்துவது அரைகுறை வேலை. ஆபரேஷன் அடைப்பு வாய்ப்பைத்தான் பெருமளவு குறைக்கும், பையின் அழற்சியைக் குணமாக்காது. கிருமித் தொற்று அடிக்கடி வர வாய்ப்புண்டு. ஈரமான உணவு, இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர், பயமுறுத்தாத வீடு, இவை ஆபரேஷனுக்குப் பிறகும் தொடர வேண்டும்.

டாக்டரிடம் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. கஞ்சத்தனம் என்று நினைத்துவிட்டால்?

எவ்வளவு முடியும் என்று சொன்னால்தான் அவரால் அதற்குள் திட்டம் போட முடியும். “என்னால் இவ்வளவு முடியும், இதற்குள் இதன் வலியைக் குறைக்க எது அதிகம் உதவும்?” என்று முதல் பத்து நிமிடத்திலேயே கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கேள்வி: “முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா?” மாறாது என்றால் அந்தச் சோதனை காத்திருக்கலாம். எஸ்டிமேட்டில் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டும் கேட்டு வாங்குங்கள், மனதில் அதிகபட்சத்தையே வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட தொகையைத் தொட்டதும் எனக்குப் போன் செய்யாமல் மேலே போகாதீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். ரிப்போர்ட், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களின் நகலை வாங்கி வைத்தால் இரண்டாவது கருத்துக்கு எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டாம். கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகளிலும் விசாரியுங்கள்.

இதயம் நின்றால் மீட்பு முயற்சி வேண்டுமா என்று கேட்பார்கள். முற்றிய நோயில் இதயம் நின்ற பிராணிகளில் பத்தில் ஒன்றுகூட வீடு திரும்புவதில்லை. மயக்க மருந்தின்போது நின்றால் கதை வேறு, அங்கே நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லலாம்.

செலவை மிச்சப்படுத்த நாம் போடும் வலி மாத்திரையைக் கொடுக்கலாமா?

கூடாது. பூனைக்கு பாரசிட்டமால் நஞ்சு, ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையே கொல்லப் போதும். நாய்க்கு இபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதன்பின் வரும் பில் பலமடங்கு.

நிறுத்த வேண்டிய நேரம் எது என்று எப்படித் தெரியும்? நிறுத்தினால் என்ன நடக்கும்?

கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஓர் அளவுகோல் பயன்படும். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். வலியில் மூச்சு சிரமத்தையும் சேர்த்துத்தான் போட வேண்டும், மூச்சுக்குத் திணறும் பிராணிக்கு மற்ற ஆறு எண்ணும் பொருட்டல்ல. வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுங்கள். வாரம் இரண்டு முறை எழுதி, ஒரே நாளின் எண்ணை விட்டுவிட்டு அது போகும் திசையைப் பாருங்கள்.

கருணைக்கொலைக்கு முன் மயக்க ஊசி தனியாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். சில நிமிடங்களில் தூங்கிவிடும், அதன்பின் நரம்பில் மயக்க மருந்தை மிக அதிக அளவில் செலுத்துவார்கள், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் இதயம் நிற்கும். கண் மூடாது. உயிர் போனபின் ஒன்றிரண்டு மூச்சு இழுப்பதுபோல் தோன்றலாம், சிறுநீர் போகலாம், தசை துடிக்கலாம். அப்போது அதற்கு எந்த உணர்வும் இல்லை. இதை முன்பே அறிந்திருந்தால் கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியும். பணம் கட்டுவது, உடலை என்ன செய்வது என்ற பேச்சுகளை முதலிலேயே முடித்துவிடுங்கள், பிறகு கவுன்டரில் நிற்க வேண்டியிருக்காது.