வராத ரயிலுக்குக் கடன்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கிராமப்புறக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), வராத ரயிலுக்குப் பல வருடம் கடன் கட்டியதாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். மிசோரி மாநிலத்தின் செயின்ட் கிளேர் கவுண்டி. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு ரயில் மோகம் எல்லாரையும் பிடித்து ஆட்டியது. 1870 வாக்கில் இவர்களும் ரயிலுக்காகப் பெரிய தொகைக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். பணம் போனதுதான் மிச்சம். ஒரு முழத் தண்டவாளம்கூட வரவில்லை. பத்திரம் வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? ஃபெடரல் நீதிமன்றம், அதாவது மத்திய அரசின் நீதிமன்றம் போனார்கள். வரி போட்டுக் கட்டு என்று தீர்ப்பு.

அப்புறம்தான் கூத்து. வரி விதிக்க வேண்டியவர்கள் கவுண்டி நீதிபதிகள். பெயர்தான் நீதிபதி, பார்ப்பது பெரும்பாலும் நிர்வாக வேலை. வரி போட்டால் ஊர் விடாது, போடாவிட்டால் சிறை. கைது செய்ய மார்ஷல் (ஃபெடரல் நீதிமன்றத்தின் காவல் அதிகாரி) வருகிறார் என்றால் காட்டுக்குள் ஓடி ஒளிவார்களாம்! மாட்டியவர்கள் கம்பி எண்ணினார்கள். கடன் ஒருவழியாகத் தீர்ந்தது பல பத்தாண்டு கழித்துத்தான்.