ராத்திரியில் மட்டும் ஃபெயில் ஆகும் டெஸ்ட்

கேள்வி: புதுச்சேரி விடுதி ஒன்றின் முன்பதிவுத் தளத்துக்கு பிளேரைட்டில் (பிரவுசரைத் தானாக இயக்கித் தளத்தைச் சோதிக்கும் கருவி) டெஸ்ட் எழுதியிருக்கிறேன். 'நாளைக்கு ஓர் அறை' டெஸ்ட், சர்வரில் இரவு 2 மணிக்கு ஓடினால் ஃபெயில். காலை 10 மணிக்கு ஓடினால் பாஸ். ஃபெயில் ஆனால் மறுபடி ஓடவிடும் ரீட்ரையை 3 வைத்தும் தீரவில்லை. என்ன செய்வது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் ரீட்ரையை எடுத்துவிடுங்கள். பிழை நேரத்தில் இருக்கும்போது திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பயனில்லை. டிரேஸை (டெஸ்ட் ஓடியதன் பதிவு) 'ரீட்டெய்ன்-ஆன்-ஃபெய்லியர்', அதாவது ஃபெயில் ஆனால் மட்டும் வைத்திரு, என்று வைத்து, மறுநாள் அதைத் திறந்து, தேதிப் பெட்டியில் டெஸ்ட் என்ன நிரப்பியது என்று பாருங்கள். அநேகமாக ஒரு நாள் பின்தங்கியிருக்கும். சர்வர் கடிகாரங்கள் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகின்றன. நம் நேரம் ஐந்தரை மணி நேரம் முன்னால். இங்கே புதன் அதிகாலை 2 மணி என்றால் அங்கே செவ்வாய் இரவு 8.30. டெஸ்ட் 'நாளை' என்று புதனைப் போடும், தளத்துக்கோ அது இன்றைய தேதி. நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை இந்த இடறல் உண்டு.

கான்ஃபிகில் 'டைம்ஸோன்ஐடி'யை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றினால் பிரவுசர் மட்டுமே மாறும். டெஸ்ட் கோடு ஓடுவது பிரவுசருக்கு வெளியே, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில்; அதற்கு 'டிஇசட்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளிலும் அதையே கொடுக்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் இது. அதன் பிறகும் ஃபெயில் ஆனால், தேதியை எழுத்தாக மாற்றும் 'டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்' தரும் விடையின் முதல் 10 எழுத்தை வெட்டித் தேதியாக்கியிருக்கிறீர்களா என்று தேடுங்கள். நீங்கள் எந்த டைம்ஸோன் வைத்தாலும் அது யூடிசி தேதியைத்தான் தரும். தேதி கணக்கிடும் ஃபங்ஷனுக்கு 'இப்போது' என்பதை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றி, யூடிசி 18.29, 18.31 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். நம் நள்ளிரவு அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பட்டப்பகலிலேயே பிழை பிடிபடும்.

கேள்வி: திரையில் 'தொடர்க' பட்டன் தெரிகிறது. டெஸ்ட்டோ 30 நொடி தேடிவிட்டு, இல்லை என்கிறது.
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தளத்திலும் டெஸ்ட் கோடிலும் அந்தச் சொல்லின் 'லெங்த்' (எத்தனை குறியீடுகள் என்ற எண்ணிக்கை) எடுத்துப் பாருங்கள். ஒன்று 6, இன்னொன்று 7 என்று வந்தால் காரணம் 'தொ'. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிடும் கோடுக்கு வேறு. மொழிபெயர்ப்புக் கோப்புகளையும் டெஸ்ட் கோடையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றுங்கள். பட்டனைத் தேட, எழுத்தை நம்பாமல், அதற்கு 'டேட்டா-டெஸ்ட்ஐடி' என்ற அடையாளப் பெயர் வையுங்கள். 'பௌர்ணமி'யில் ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' எழுத்தை அடித்திருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. கோப்பில் கையால்தான் மாற்ற வேண்டும்.