ஆபீஸ் பேஸ்பால் ஏலத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா? தாராளமாகப் போங்கள்

தம்பி, புது ஆபீஸில் ஃபேன்டசி பேஸ்பால் லீக்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஆட்டமே சரியாகத் தெரியாது, ஏலத்தில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சேருங்கள். நிஜ வீரர்களை ஏலத்தில் எடுத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டங்களில் ஆடுவதை வைத்துப் போட்டி போடும் விளையாட்டு இது. சீசன் செப்டம்பர் கடைசி வரை ஓடும். அதுவரை சக ஊழியர்கள் தாங்களாகவே உங்களிடம் வந்து பேசுவார்கள். அமெரிக்கா வந்த புதிதில் அது பெரிய விஷயம்.

வழக்கமான லீக்கில் ஆளுக்கு 260 டாலர், 23 வீரர்கள். அது வெறும் ஏலக் கணக்கு. நிஜப் பணம் கட்ட வேண்டுமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐபிஎல் ஏலம் பார்த்தவருக்குப் பாதி புரிந்துவிடும். ஆனால் இங்கே ஏலத்துக்கு வரும் பெயரை அணிக்காரர்களே முறைவைத்துச் சொல்கிறார்கள். புதியவர்கள் தங்களுக்குப் பிடித்தவரை எடுத்தவுடன் சொல்லிவிடுவார்கள். அப்போது எல்லார் கையிலும் பணம் இருப்பதால் விலை எகிறிவிடும். உங்களுக்குத் தேவைப்படாத பெரிய பெயர்களை முதலில் இறக்குங்கள். உங்கள் ஆபீஸில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரசிகர்கள் அதிகம் என்றால், அந்த அணியின் நட்சத்திரம் ஆரோன் ஜட்ஜ் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். அவர்கள் பணம் கரையட்டும். அதே சமயம், விலையை ஏற்றிவிடுவதற்காக மட்டும் நடுவில் புகாதீர்கள். மற்றவர் நிறுத்திக்கொண்டால் அந்த வீரர் உங்கள் தலையில்தான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு விலையை முன்பே எழுதி வைத்து, அதைத் தாண்டாதீர்கள். கிட்டத்தட்ட 180 டாலர் பேட்டர்களுக்கு, மீதி பந்து எறியும் பிட்சர்களுக்கு என்று பலரும் பிரிப்பார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஏனென்றால், முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை என்றால் பிட்சர் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே உட்கார வேண்டியதுதான். அப்புறம், 2023இல், ஓடுபவர் போய்ச் சேர வேண்டிய பேஸ்களைப் பெரிதாக்கி, பிட்சர்களுக்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். பேட்டர் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதுதான் ஸ்டோலன் பேஸ். மேஜர் லீக் முழுவதிலும் 2022இல் 2,486 ஆக இருந்த அது 3,503 ஆனது. அது இப்போது தாராளமாகக் கிடைப்பதால், ஓடுவதை மட்டுமே தெரிந்தவருக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள்.

காலியாக இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு டாலர் கையில் இருக்க வேண்டும். 10 இடம் பாக்கி, கையில் 40 டாலர் என்றால் ஒருவருக்கு 31 வரைதான் போக முடியும். மற்றவர்கள் ஒன்றிரண்டு டாலரோடு நிற்கும் கடைசிக் கட்டத்தில் 5 டாலர் வைத்திருப்பவர்தான் ராஜா. ஆனால் நம் சேமிக்கும் புத்தி அதற்கு மேல் இங்கே உதவாது. மிஞ்சிய டாலர் எதற்கும் ஆகாது.

போன வருஷ வீரர்களைத் தக்கவைக்கும் கீப்பர் லீக்கா என்று இன்றே விசாரியுங்கள். அப்படியானால் நல்லவர்கள் பலர் மலிவு விலையில் ஏற்கெனவே போயிருப்பார்கள். மிச்சமிருப்பவர்களின் விலை ஏறும், உங்கள் பட்டியலையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும்.