செஷனுக்குப் பேக்பைப் எடுத்துப் போகலாமா?

ஸ்காட்லாந்துப் பப்களில் நாட்டுப்புற இசைக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கும் செஷன் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, பேண்டில் ஹைலேண்ட் பைப் வாசிக்கிறேன். அதையே கொண்டு போகலாமா?

வேண்டாம்பா. சத்தத்தில் பக்கத்து ஃபிடில் காணாமல் போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை சுருதி. நோட்டேஷன் தாளில் ‘ஏ’ ஸ்வரம் என்று இருப்பது ஹைலேண்ட் பைப்பில் பி ஃபிளாட்டுக்கும் கொஞ்சம் மேலே ஒலிக்கும். யாரும் சேர்ந்து வாசிக்க முடியாது. ‘ஏ’ சுருதி ஸ்காட்டிஷ் ஸ்மால்பைப் வாங்குங்கள். விரல் பழக்கம் கிட்டத்தட்ட அதேதான். வாயால் ஊதாமல், கை இடுக்கில் துருத்தியை அமுக்கிக் காற்றேற்றப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்மால்பைப்பில் இருப்பதே ஒன்பது ஸ்வரம், அதை வைத்து என்ன வாசிப்பது? நான் கர்நாடக சங்கீதம் கற்றவள்.

அப்படியானால் உங்களுக்குச் சுலபம். ‘ஏ’தான் ஷட்ஜம் என்றால் அந்தக் குழல் ஹரிகாம்போதி, கீழ் நிஷாதத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை. அதிலேயே மத்யமத்தை ஆதாரமாக வைத்தால் சங்கராபரணம், அதாவது ‘டி மேஜர்’ மெட்டுகள். ‘ஜி மேஜர்’ மெட்டு வந்தால் அதற்கு வேண்டிய ‘சி’ சாதாரண ஸ்மால்பைப்பில் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள்.

எல்லாரும் வேகமாக வாசிக்கிறார்கள். புது மெட்டை எப்படிப் பிடிப்பது?

ஜிக்கோ ரீலோ, இந்த நடன மெட்டுகளில் பெரும்பாலும் இரண்டு பகுதி; பகுதிக்கு 8 பார் (தாள ஆவர்த்தனம் மாதிரி), ஒவ்வொன்றும் இரண்டு முறை, ஆக 32. முழு மெட்டையும் இரண்டு மூன்று தடவை திருப்பி வாசிப்பார்கள். முதல் சுற்றில் எது திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள். 5, 6ஆம் பார்கள் பல மெட்டுகளில் முதலிரண்டின் மறுபதிப்பாகவே இருக்கும்.

ஃபிடில்காரர் வில்லை மெதுவாகத் தொட்டுத் தடவித் தேடலாம். பைப்பில் சத்தத்தைக் குறைக்கவே முடியாது, ஒவ்வொரு தப்பும் கூடம் முழுக்கக் கேட்கும். அதனால் காற்றில்லாமல் குழலின்மேல் விரலை மட்டும் ஓட்டுங்கள், வாய்க்குள் முணுமுணுங்கள். அனுமதி கேட்டுவிட்டு போனில் பதிவு செய்து, வீட்டில் வேகம் குறைத்துப் போடுங்கள். முதலில் வெறும் ஸ்வரம். கிரேஸ் நோட் (ஸ்வரத்துக்கு முன் சட்டென்று தொட்டுப் போகும் குட்டி ஸ்வரம்) அலங்காரமெல்லாம் பிறகு. ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து வரும் இடத்தில் மட்டும் கிரேஸ் நோட் உடனே தேவை. சத்தம் நிற்காத வாத்தியம், அது இல்லாவிட்டால் இரண்டு ஒன்றாகிவிடும்.

நோட்டேஷன் பார்த்து வாசிக்கலாமா?

வீட்டில் தாராளமாக. செஷன் மேசையில் தாளை விரித்தால் காது தூங்கிவிடும்.

அயர்லாந்தின் இல்லன் பைப் நல்லதா, அக்கா?

செஷனுக்கு அதைப்போல் வேறில்லை: ‘டி’ சுருதி, இரண்டு ஸ்தாயி, குழல் நுனியைத் தொடையில் அழுத்தினால் சத்தத்தை நிறுத்தவும் முடியும். 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் கஷ்டம், ஆசிரியர் இல்லாமல் தொடாதீர்கள். டப்ளினில் இருந்தால் 1968இல் தொடங்கிய பைப்பர் சங்கத்தில் விசாரியுங்கள்.

பைப்பில் ஒரே சுருதியை இழுத்துக்கொண்டிருக்கும் டிரோன் குழலுக்குச் சுருதி எப்போது சேர்ப்பது?

உட்காருவதற்கு முன்னால், வெளியே நின்று. அறைச் சூட்டில் கொஞ்ச நேரத்தில் நகரும். அடுத்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும் இடைவெளியில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சேரவே மறுத்தால் டிரோனை அடைத்துவிட்டு வாசியுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.