ஜெர்மனி வேலை விசா: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: ஐம்பது கம்பெனிக்கு மேல் விண்ணப்பித்துவிட்டேன். என் பட்டம் அங்கே செல்லுமா என்பதே தெரியவில்லை.

பதில்: முதலில் பார்க்க வேண்டியதைக் கடைசியில் கேட்கிறீர்கள். வெளிநாட்டுப் பட்டங்களுக்கான அனாபின் என்ற ஜெர்மன் இணையத் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். அதற்கு நேரே 'ஹெச் பிளஸ்' (H+, அதாவது அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம்) என்று இருக்க வேண்டும். பலர் அதைப் பார்த்ததும் நிம்மதியாகி விட்டுவிடுவார்கள், அங்கேதான் சிக்கல். உங்கள் பட்டமும் தனியாகப் பட்டியலில் இருந்து, ஜெர்மன் பட்டத்துக்கு இணை என்று குறித்திருக்க வேண்டும். இரண்டு பக்கங்களையும் அச்செடுத்து வையுங்கள். பட்டம் அதில் இல்லையென்றால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஜெர்மன் அரசு அமைப்பான இசட்.ஏ.பி.யிடம் (ZAB) ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும், கட்டணம் 208 யூரோ. சான்று கையில் இருந்தால் சி.வி.யின் மேல்பகுதியிலேயே சொல்லிவிடுங்கள். விசா இழுபறியாகுமோ என்று தயங்கும் முதலாளிக்கு அந்த ஒரு வரி தெம்பு தரும்.

கேள்வி: நான் நர்ஸ். எனக்கும் இதேதானா?

பதில்: இல்லை. நர்ஸ், டாக்டர் வேலைகளுக்கு அந்தந்த மாநில அதிகாரிகளின் தொழில் அங்கீகாரம் வேண்டும். ஒப்பீட்டுச் சான்று அதற்கு ஈடாகாது. ஜெர்மன் மொழியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: 2025-இல் ஆண்டுக்கு 43,000 யூரோ சம்பளம் என்று ஆஃபர் வந்தது. ப்ளூ கார்டு கிடைக்காது என்றார்கள். அவ்வளவுதானா?

பதில்: பட்டதாரிகளுக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை அனுமதிதான் ப்ளூ கார்டு. அதற்கு அந்த ஆண்டின் குறைந்தபட்சச் சம்பள வரம்பு 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும், பட்டம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கும் 43,759 யூரோ 80 சென்ட். பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம்தான் கணக்கு. வந்தால் வரும் என்கிற போனஸைச் சேர்த்துப் பார்க்காதீர்கள். வரம்பு ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும், அதனால் விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைப் பாருங்கள்.

ஆனால் ப்ளூ கார்டு இல்லையென்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. பட்டதாரிகளுக்கான சாதாரண வேலை விசாவில், 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இப்படி ஒரு நிலையான வரம்பு கிடையாது. அதே வேலைக்கு உள்ளூர்க்காரர் வாங்கும் சம்பளத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். 2023 நவம்பர் முதல், படித்த துறையிலேயே வேலை இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இதில் இல்லை. ஆனால் தகுதி தேவைப்படும் வேலையாக இருக்க வேண்டும். முதலாளி நிரப்பித் தரும் வேலைவாய்ப்புப் படிவத்தை மட்டும் ஒப்பந்தத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேலை நேரம் ஒன்றில் 40, இன்னொன்றில் 38 என்று இருந்தாலே விளக்கம் கேட்டு வாரக்கணக்கில் இழுப்பார்கள்.

கேள்வி: வேலையே இல்லாமல் போய்த் தேடலாமா? வயது 33, அனுபவம் மூன்று ஆண்டு, ஆங்கிலம் சி1 நிலை.

பதில்: 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டை அதற்குத்தான். பட்டம் ஜெர்மனியில் முழுமையாக அங்கீகரிக்கப்படாதவர்களுக்கு ஆறு புள்ளி வேண்டும். வயதுக்கு 2, அனுபவத்துக்கு 2 (கடைசி ஐந்தாண்டுக்குள் இருக்க வேண்டும், படிப்போடு தொடர்பும் வேண்டும்), ஆங்கிலத்துக்கு 1. மொத்தம் ஐந்து. ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற அடிப்படை நிலையை முடித்தால் ஆறாகிவிடும். உங்கள் தொழில் பற்றாக்குறைப் பட்டியலில் இருந்தாலும் ஒரு புள்ளி கிடைக்கும், ஆனாலும் ஏ2 முடியுங்கள். அங்கே போய் வேலை தேடும்போது அதுதான் கைகொடுக்கும். செலவுக்குப் பணம் காட்ட வேண்டும்: 2025 கணக்கில் மாதம் 1,091 யூரோ, ஓராண்டுக்கு 13,092. தேடும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம்.

கேள்வி: ப்ளூ கார்டில் வந்து எட்டு மாதம். வேறு கம்பெனிக்கு மாறலாமா?

பதில்: மாறலாம். முதல் 12 மாதத்துக்குள் என்பதால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 30 நாள் வரை நிறுத்தி வைத்து ஆராயலாம், மறுக்கவும் செய்யலாம். எனவே புது ஒப்பந்தத்தில் தொடங்கும் தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், பழைய வேலையை அவசரப்பட்டு விடாதீர்கள். வேலை முன்கூட்டியே முடிந்துவிட்டால் இரண்டு வாரத்துக்குள் அதே அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.